வாழை மூட்டில் கருவாடு

என் அப்பா என் புகுந்த வீட்டுக்கு அனுப்பிய முதல் சீர் ஒரு லோடு கருவாட்டுக் கழிவு. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அது வந்தது. எங்கள் வாழைத்தோட்டத்தைக் கருக்கிவிடப் பார்த்ததும் அதுதான்.

நான் உவரிக்காரி. எங்களுடையது கடலுக்குப் போகிற வீடு. அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகும், கரையோரமாகக் கருவாடு காயவைக்கிற ஒரு கொட்டகையும் உண்டு. என் வீட்டுக்காரர் சேரன்மகாதேவிப் பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் ஏத்தன் வாழை போடுகிறவர். அவருடைய அம்மா பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஆர்.சி., அவர்கள் புராட்டஸ்டண்ட். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு எல்லோரும் வேதக்காரர்கள்தான். எந்தக் கோவிலில் தாலி கட்டுவது என்பதற்கே எத்தனை பேர் முறுக்கிக்கொண்டு போவார்கள் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் அவர்கள் கோவிலில்தான் கல்யாணம் நடந்தது. அதைக்கூட அப்பா பொறுத்துக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்கள் வேனை விட்டு இறங்கியபோது, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நின்ற ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சளியோ என்னவோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அப்பா அதைப் பார்த்துவிட்டார். ஜெபம் முடிகிறவரை நின்றார். என் தலையில் கை வைத்தார். பந்தியில் உட்காராமல் வேனில் போய் ஏறிக்கொண்டார். அதன் பிறகு எங்கள் வாசலை அவர் மிதிக்கவில்லை. அம்மா மட்டும் பஸ் பிடித்து வந்து என்னைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுவாள்.

மாமியாரும் அந்தக் கைக்குட்டையை மறக்கவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மீன் வாங்குகிற நாளில், நான் ஆய்ந்துகொண்டிருக்கிற இடத்துக்கே வந்து முக்காலி போட்டு உட்கார்ந்து, "நல்ல மீனா இருக்கே" என்பார். முகம் வெளிறிப்போய் இருக்கும். அவருக்கு மீன்வாடை அறவே ஆகாது. எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் அப்பா போன் செய்தார். என்னிடம் பேசிவிட்டு வைக்கிறவர், அன்றைக்கு மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார்.

"வாழை நல்லா நிக்கா மாப்ள? கொட்டகையில கழிவு கெடக்கு. தலையும் வாலுமா ஒடஞ்ச கருவாடு. ராதாபுரத்துத் தென்னந்தோப்புக்காரன்லாம் போட்டி போட்டு வாங்கிட்டுப் போறான். ஒங்க வாழைக்கு ஒரு லோடு அனுப்பி வைக்கேன்."

என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே பேசினார். போனை வைத்தபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

லோடு வந்த அன்று தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மாமியார் மட்டும் கஞ்சி போட்ட சேலையில் வாசலில் நேராக நின்று, டிரைவருக்குத் தன் கையால் டீ கொடுத்து, "ஐயாவுக்கு எங்க ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்க" என்றார். அவர் கை மூக்குக்குப் போகவில்லை. சேலை முந்தானையைக்கூட இடுப்பில் இறுகச் செருகியிருந்தார்.

கால்வாய்க்கரையில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை உண்டு. கழிவைத் தென்னைக்குப் போடலாம் என்று நான் சொன்னேன். கருவாட்டுக் கழிவில் மீன்சத்தோடு உப்பும் உண்டு. தென்னை அந்த உப்பைத் தாங்கும், வாழைக்கு எப்படியோ தெரியாதே என்றேன். அவர் கேட்கவில்லை.

"மாமா வாழைக்குன்னு சொல்லித்தான அனுப்பியிருக்காங்க. தென்னையில கொண்டு கொட்டுனா ஒதுக்கி வச்ச மாதிரி ஆயிராதா?"

ஆள் வைக்காமல் அவரே கூடையில் சுமந்து, ஒவ்வொரு வாழை மூட்டிலும், தண்டின் அடியைச் சுற்றி வட்டமாகப் போட்டு மண் அணைத்தார். நான் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை. அப்பா அனுப்பியதை இந்த வீட்டில் இவ்வளவு மரியாதையாக வாங்கிக்கொண்டார்களே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. உப்பைப் பற்றி அன்றைக்கு இன்னும் யோசித்திருக்க வேண்டிய மூளை அந்தக் குளிர்ச்சியில் படுத்துத் தூங்கிவிட்டது.

வாழை நல்ல உயரத்துக்கு வந்து, குலை தள்ளுவதற்கு முந்தின நிலையில் இருந்தது. வெயில் கடுமை. கால்வாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். கிணற்றில் மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்றுதான் வரும். அந்தச் சமயத்தில் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. பழுப்பாக, தீயில் காட்டி எடுத்ததுபோல, நுனியில் ஆரம்பித்து ஓரம் பிடித்து வந்தது.

வீட்டுக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "பொட்டாஷ் பத்தலை."

அவர் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. வாழை பெருந்தீனிக்காரி. வளர்கிற காலத்தில் இலை விட யூரியா கேட்கும். குலை நெருங்கும்போது காய் திரளப் பொட்டாஷ் கேட்கும். அதை ஒரேயடியாகக் கொட்டாமல் மாதாமாதம் பிரித்துக் கொடுக்க வேண்டும். பொட்டாஷ் குறைந்தாலும் இலை ஓரம் காயும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அன்று அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது. வேறு காரணத்தை யாராவது சொல்லிவிடுவதற்கு முன்னால் தான் ஒரு காரணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம்.

சிவப்புப் பொட்டாஷ் மூட்டை வந்தது. மூட்டுக்கு மூடு வைத்தார். அந்த வாரம் கருகல் நிற்கவில்லை. வேகம் பிடித்தது. புதிதாகச் சுருள் விரிந்த இலைகளிலும் ஓரம் தீய்ந்தது. அவர் தினமும் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மாமியார் அவருக்காக ஜெபித்தார். "காத்து வெக்கையா அடிக்கி, அதான்" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். அந்த வீட்டில் எல்லோரும் வெயிலைத் திட்டினோம், காற்றைத் திட்டினோம், உரக்கடைக்காரர் கலப்படப் பொட்டாஷ் கொடுத்துவிட்டார் என்றுகூடப் பேசினோம். கருவாடு என்ற சொல்லை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

ஒரு காலையில் நான் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். வாழை மூட்டில் குனிந்து பார்த்தேன். கழிவு போட்ட வட்டத்தைச் சுற்றி மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. எங்கள் கொட்டகையில் கருவாட்டுக்கு மீனை உப்பில் ஊறவைக்கிற தொட்டியைச் சுற்றி மண் அப்படித்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த வெள்ளை அது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உவரியே நாக்கில் வந்து நின்றது. தோட்டம் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். இதை அப்பாவிடம் யார் சொல்வது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏட்டி, நீயே ஒங்க அப்பாவைக் குத்தம் சொல்லுதியா?"

"நான் எங்க அப்பாவை ஒண்ணும் சொல்லல அத்தான். உப்பைச் சொல்லுதேன்."

"மொதல்ல மண்ணைப் பரிசோதனைக்குக் குடுப்போம். பொறவு பேசலாம்."

மண்ணையும் இலையையும் எடுத்துக்கொண்டு இருவரும் வேளாண்மை அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் அலுவலர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னென்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் வரிசையாகச் சொன்னார்: தொழுவுரம், டிஏபி, யூரியா, பொட்டாஷ்.

"வேற எதாவது?"

"வேற ஒண்ணும் இல்லைங்க."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. வைத்தியரிடம் நோயை மறைக்கிற மனுஷனை என்ன செய்வது?

"கருவாட்டுக் கழிவு போட்டிருக்கோம், மேடம்" என்றேன். "உப்போட. எங்க அப்பா வீட்டுல இருந்து வந்தது."

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, உப்பு அளக்கிற கருவியை விட்டுப் பார்த்தார். பிறகு நிதானமாக விளக்கினார். பொட்டாஷ் பஞ்சமாக இருந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகப் பழுத்து, அப்புறம்தான் காயும். இதில் மஞ்சளே இல்லாமல் ஓரம் நேராகக் கருகியிருக்கிறது, குருத்து இலையிலும் இருக்கிறது. இது உப்புச் சூடு. நாங்கள் மருந்தென்று வைத்த சிவப்புப் பொட்டாஷும் ஒரு உப்புதான், அது எரிகிற வீட்டில் எண்ணெய் விட்ட கதை. மூட்டில் இருக்கிற கழிவை உடனே வழித்து வெளியே எடுக்க வேண்டும். தண்ணீரை நிறையக் கட்டி, வடிகால் வெட்டி, உப்பைக் கழுவி இறக்க வேண்டும். குலை தள்ள ஆரம்பிப்பதற்குள் செய்தால் தப்பிக்கும், பிந்தினால் காய் பென்சில்போல வரும் என்றார்.

பைக்கில் வீடு திரும்பினோம்.

அன்றைக்கே அப்பா போன் செய்தார். வாழை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்: "ஞாயித்துக்கிழம பூசை முடிச்சிட்டு வாரேன் மக்கா. தோட்டத்தைப் பாக்கணும் போல இருக்கு."

பல வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. அதை இப்போதா கேட்க வேண்டும்?

எங்கள் மடைக்குத் தண்ணீர் முறை சனிக்கிழமை. அதை விட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அணையில் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. சனிக்கிழமை கழிவை வழித்துத் தண்ணீர் பாய்ச்சினால், ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து தன் சீர் வரப்பில் அள்ளிக் குவிக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பார். கைக்குட்டையைப் பார்த்தே சாப்பிடாமல் போனவர் அதைப் பார்த்தால் என்ன செய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

"ஞாயித்துக்கிழம கழியட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

"அப்பா வந்துட்டுச் சந்தோஷமாப் போகட்டும்மா" என்றார் மாமியார். "வாழை போனா அடுத்த வருஷம் வச்சுக்கலாம். மனுஷங்க அப்படியா?"

இரண்டு பேரும் எனக்காகத்தான் சொன்னார்கள். அதுதான் என்னை ரொம்பவும் எரிச்சல்படுத்தியது. என் அப்பாவுக்காக ஒரு வருட உழைப்பைக் கருக விடத் தயாராக இருந்தார்கள். அந்தப் பெருந்தன்மையின் பாரம் பிறகு யார் தலையில் இருக்கும்? ஒவ்வொரு கஷ்டத்திலும் நான் அதை நினைத்துக்கொண்டு கூனிக் குறுகி நடமாட வேண்டும். உவரிக்காரன் கொடுத்த கழிவில் தோட்டம் போயிற்று என்று அவர்கள் சொல்லவே மாட்டார்கள். சொல்லாமல் இருப்பதையே நான் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கி மூடு மூடாக வழித்தேன். ஊறிப்போன கழிவு நாறியது. எனக்கே குமட்டியது, உவரியில் பிறந்த எனக்கு. கூடையில் அள்ளி வரப்பில் கொட்டினேன். வியர்வை கண்ணில் விழுந்து எரிந்தது, அழுகையும் சேர்ந்திருக்கலாம். அப்பாவின் கையிலிருந்து வந்ததை நான் அள்ளி எறிகிறேன் என்று ஒவ்வொரு கூடைக்கும் மனசு சொன்னது.

வெயில் ஏறியபோது பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கிழக்கு ஓரத்தில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முறைத் தண்ணீர் வந்ததும் போய் மடையைத் திறந்தார். பாத்தி நிறைய நிறைய, வடிகால் வழியாகக் கலங்கல் இறங்கிப் போயிற்று. இருட்டுகிறவரை நின்றோம். கடைசியில் அவர் வரப்பிலிருந்த குவியலைப் பார்த்துவிட்டு, காய்ந்த வாழைச் சருகை இழுத்து இழுத்து அதன் மேல் போட்டு மூடினார். அதை நான் தடுக்கவில்லை.

பலன் உடனே தெரிகிற காரியம் இல்லை அது. பள்ளத்துப் பாத்திகளில் உப்பு தேங்கி நின்றுவிட்டது, அங்கே காய் விரல் பருமனுக்கு மேல் திரளவில்லை. மற்றவை மெல்லத் தெளிந்து, நல்ல தாராகவே இறங்கின. ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு எதுவும் தெரியாது. கருகிய தோட்டமும், சருகுக்கு அடியில் ஒரு குவியலும்தான் கையில் இருந்தன.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். தூக்குவாளியில் அம்மா கொடுத்துவிட்ட குழம்பு இருந்தது. மாமியார் வாசலில் வரவேற்று, "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டுட்டுத் தோட்டத்துக்குப் போகலாம்" என்றார். அப்பா, "தோட்டத்தைப் பாத்துட்டு வந்துருதேன் மைனி" என்றார். சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாமியாரும் எங்களோடு கிளம்பிவிட்டார். அவர் தோட்டத்துக்கு வருவதே அபூர்வம்.

வரப்பில் நடக்கும்போது வீட்டுக்காரர் விடாமல் பேசினார். வெயிலைப் பற்றி, கால்வாய் முறையைப் பற்றி, ஏத்தன் விலையைப் பற்றி. அப்பா ஒரு இலையைப் பிடித்து அதன் ஓரத்தை விரலால் தடவினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"வெக்கை மாமா" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க அனுப்புன உரம் நல்லாப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி" என்றார் மாமியார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று கண்டித்தவர்.

அப்பா குனிந்து வாழை மூட்டைப் பார்த்தார். வழித்த தடம் தெரிந்தது, ஈரமும் தெரிந்தது. நிமிர்ந்து காற்றில் மூச்சை இழுத்தார். நேராக அந்தக் குவியலுக்குப் போனார். சருகை ஒரு காலால் ஒதுக்கினார்.

மடையில் கசிகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவர் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. அந்த முதுகு வேன் பக்கம் திரும்பி நடந்ததை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

"நான்தான் அள்ளுனேன் அப்பா" என்றேன். "அவங்க வேண்டாம்னாங்க. உப்பு ஏறிட்டு. தோட்டம் போயிரும்னு ஆபீசுல சொல்லிட்டாங்க."

"எப்ப அள்ளுன?"

"நேத்து."

"அதுவரைக்கும் மூட்டுலயா கெடந்து?"

"ஆமா."

அப்பா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு மாமியாரை.

"கருகுது கருகுதுன்னு தெரிஞ்சும் அப்படியே வச்சிருந்தியளா?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க மொதமொதல்ல அனுப்புனது மாமா. எப்படி அள்ளிப் போட?"

அப்பாவின் தாடை அசைந்துகொண்டிருந்தது.

"நான் வாழைக்கா அனுப்புனேன்?" என்றார். குரல் கரகரத்தது. "இந்த வீட்டுல இதை உள்ள விடுதாங்களா, வாசல்லயே திருப்பி விடுதாங்களான்னு பாக்கத்தான் அனுப்புனேன். இப்படித் தோட்டத்தைக் குடுத்துட்டு நிப்பியன்னு நான் கண்டேனா?"

வெள்ளைச் சட்டையைக் கழற்றி வாழை மட்டையில் தொங்கவிட்டார். நேற்று வரப்பிலேயே விட்டிருந்த கூடையையும் மண்வெட்டியையும் எடுத்தார். குவியலில் மண்வெட்டியைப் போட்டு, "தென்னை எங்கன இருக்கு மாப்ள?" என்று கேட்டார். வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கால்வாய்க்கரையைக் காட்டினார்.

இரண்டு பேருமாகக் குவியலைக் கிளறியதும், நேற்று முழுக்க ஈரத்தில் புழுங்கிக் கிடந்த நாற்றம் மொத்தமாகக் கிளம்பியது. மாமியார் என் பக்கத்தில் நின்றிருந்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடியவில்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார். அதே நொடியில் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

மாமியாரின் கை அப்படியே நின்றுவிட்டது. எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா கூடையைத் தோளுக்கு ஏற்றினார்.

"நல்லாப் பொத்திக்கிடுங்க மைனி" என்றார். "எங்களுக்கே நாறும்."

கால்வாய்க்கரைக்கு நடந்தவர், பாதி வழியில் திரும்பாமலே கேட்டார்: "ஏ மக்கா, சோறு ஆக்கியாச்சா? பசிக்கி."